கூடப்பொறந்தவங்களுக்கு திடீர்னு பெரிய நோய் வந்துட்டா எத முதல்ல செய்றது, எத அப்புறம் செய்றது: முழுமையான வழிகாட்டி

எங்க தம்பிக்கு ஸ்ட்ரோக் வந்தப்ப ஓடுனதெல்லாம் நான்தான், அதுக்கப்புறம் மலேசியாவுல எங்க ஊரு சுங்கை சிப்புட் பக்கத்துல தெரிஞ்சவங்க வீட்டுல யாராச்சும் திடீர்னு விழுந்துட்டா "அக்கா இப்ப என்ன பண்றது"ன்னு எனக்கு போன் வரும். போய் பாத்தா எல்லாரும் தடுக்கி விழற இடம் ஏறக்குறைய ஒண்ணுதான். பாசத்துல கொற இல்ல, அலைச்சல்லயும் கொற இல்ல, ஆனா நாலாவது நாள் செய்ய வேண்டியத முதல் நாள் செய்றாங்க, முதல் மணி நேரத்துல சொல்ல வேண்டியத சொல்லாம விட்டுடறாங்க. அதனால வரிசைப்படி எழுதறேன். ஸ்ட்ரோக்க வச்சு எழுதுனாலும் ஹார்ட் அட்டாக், கடுமையான இன்ஃபெக்ஷன், ஆக்சிடெண்டு எல்லாத்துக்கும் முக்கால்வாசி இதேதான்.

ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். படுத்திருக்கறது உங்க ரத்தம்தான், ஆனா கல்யாணம் ஆனவங்களா இருந்தா முதல் உரிமை புருஷனுக்கோ பொண்டாட்டிக்கோதான். நம்ம வேலை ஓடுறது, எழுதறது, பேப்பர் புடிக்கிறது. தம்பி பொண்டாட்டிய கட்டில் பக்கத்துல உக்கார விட்டுட்டு மத்த ஓட்டத்த நாம ஓடணும், இத மனசுல வச்சுக்கிட்டா கீழ இருக்கற எல்லாம் சுலபமா போகும்.

1. யாரும் படுக்கறதுக்கு முன்னாடியே கையில இருக்க வேண்டியது

அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி எல்லாரோட ஐசியையும் (அடையாளக் கார்டு) முன்னும் பின்னும் போட்டோ எடுத்து உங்க போன்ல வைங்க. அவங்க சாப்பிடற மருந்து பாக்கெட்டையும் ஒரு போட்டோ. பிரஷருக்கு எது, இனிப்பு நீருக்கு (சர்க்கரை வியாதி) எது, முக்கியமா ரத்தம் இளக்குற மருந்து ஏதாச்சும் எடுக்கறாங்களான்னு தெரியணும், ஏன்னா எமர்ஜென்சில டாக்டரு கேக்கற முதல் நாலஞ்சு கேள்வில இது ஒண்ணு, பதில பொறுத்து ட்ரீட்மெண்டே மாறும். எந்த மருந்து ஒத்துக்காதுங்கறதும் அப்படித்தான்.

மெடிக்கல் கார்டு (மருத்துவ இன்சூரன்ஸ் கார்டு) இருந்தா அதோட போட்டோ, வேலை செய்ற இடத்து ஆபீஸ் நம்பரு. அவ்வளவுதான், ஒரு கல்யாணத்துல எல்லாரும் கூடுறப்ப பத்து நிமிஷத்துல முடிஞ்சுடும். ஆனா யாரும் செய்றதில்ல, "நல்ல நாளும் அதுவுமா இது என்ன பேச்சு"ன்னு பெரியவங்க வாய அடைச்சுடுவாங்க. பேசாம எடுத்து வச்சுக்குங்க.

2. முதல் அரை மணி நேரம்

வாய் கோணுது, ஒரு பக்கம் கை தூக்க முடியல, பேச்சு குழறுது, இதுல ஒண்ணு இருந்தாலே ஸ்ட்ரோக்குன்னு நெனச்சுக்கிட்டு 999 அடிங்க. கொஞ்சம் படுத்தா சரியாயிடும்னு காத்திருக்காதீங்க. ரத்தக்கட்டிய கரைக்கிற ஊசி இருக்கு, அத பொதுவா நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாகணும், அதுலயும் முன்னாடி ஸ்கேன் எடுத்து இது கட்டியா கசிவான்னு பாக்கணும். ஆம்புலன்ஸ் வரணும், பெரிய ஆஸ்பத்திரிக்கு போகணும், ஸ்கேன் எடுக்கணும், எல்லாம் இந்த நாலரை மணிக்குள்ளதான்.

எஸ்டேட்டுக்குள்ள இருந்து கூப்பிடறவங்க பண்ற தப்பு வழி சொல்றதுல. "மாரியம்மன் கோயில் பக்கத்துல"ன்னா ஆம்புலன்ஸ்காரனுக்கு என்ன தெரியும், ஒவ்வொரு தோட்டத்துலயும் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கு. மெயின் ரோட்டுல எத்தனாவது கட்டை (மைல்கல்), எந்த எஸ்டேட்டு, எந்த கேட்டு, செம்பனை காட்டுக்குள்ள விழுந்திருந்தா பிளாக் நம்பரு என்னன்னு சொல்லுங்க. மோட்டோல ஒரு பையன அனுப்பி ரோட்டு முக்குல நிக்க வைங்க, அவன் முன்னாடி போனா வண்டி சந்து சந்தா தேடிக்கிட்டு இருக்காது.

வாயில எதையும் ஊத்தாதீங்க. தண்ணி கூட வேணாம், முழுங்குற சக்தி போயிருந்தா நேரா நுரையீரலுக்கு போயிடும். வீட்டுல இருக்கற ஆஸ்பிரின எடுத்து குடுக்காதீங்க, கசிவா இருந்தா இன்னும் மோசமாகும். ஊசியால விரல் நுனிய குத்தி ரத்தம் எடுக்கச் சொல்லி வாட்சாப்புல வருஷாவருஷம் சுத்தும், அதுல ஒண்ணுமே இல்ல, நேரம்தான் போகும். மந்திரிக்கணும்னு பெரியவங்க சொன்னா சண்டை போடாதீங்க, வீட்டுல இருந்து ஒருத்தர் கோயிலுக்கு போகட்டும், நோயாளி ஆஸ்பத்திரிக்கு போகட்டும், ரெண்டும் நடக்கும்.

அடுத்தது நேரம். எப்ப விழுந்து கெடந்தத பாத்தீங்கங்கறது டாக்டருக்கு ரெண்டாம்பட்சம், கடைசியா நல்லா இருந்தத யாரு எப்ப பாத்தாங்கங்கறதுதான் வேணும். காலையில ஆறு மணிக்கு பாத்ரூம்ல கெடந்தாரு, ஆனா ராத்திரி பத்து மணிக்கு நல்லா பேசிட்டு படுத்தாருன்னா கணக்கு பத்து மணில இருந்துதான், நடுவுல அஞ்சு மணிக்கு எந்திரிச்சு தேத்தண்ணி கலக்குனத யாராச்சும் பாத்திருந்தா கணக்கே மாறிப்போகும். வீட்டுல இருக்கற பிள்ளைங்களையும் கேளுங்க. கேட்டு கையிலயே பேனாவால எழுதிக்குங்க, பதட்டத்துல மறந்துடும்.

3. எமர்ஜென்சி வாசல்ல

பக்கத்துல இருக்கற சின்ன ஆஸ்பத்திரிக்கு முதல்ல போனாலும் பெரிய கேஸுன்னா ஈப்போவுக்குத்தான் அனுப்புவாங்க, எங்க ஊருல இருந்து சுமார் 30 கிலோமீட்டரு. ஆம்புலன்ஸ்ல ஏத்துனா பெரும்பாலும் கூட ஒருத்தருக்குத்தான் இடம். அந்த ஒருத்தர் அழுவுற ஆளா இருக்கக்கூடாது, நேரமும் மருந்தும் தெரிஞ்ச ஆளா இருக்கணும். மத்தவங்க பின்னாடி கார்ல வரட்டும், ஆம்புலன்ஸ தொரத்திக்கிட்டு வேகமா ஓட்ட வேணாம்.

உள்ள போனதும் செவப்பு, மஞ்ச, பச்சைன்னு ஸோன் பிரிப்பாங்க. முன்னாடி வந்தவங்கள முன்னாடி பாக்குற எடம் இல்ல அது, யாரு உயிருக்கு ஆபத்தோ அவங்க முதல்ல. "நாங்க வந்து எவ்ளோ நேரம் ஆச்சு"ன்னு கவுண்டர்ல கத்துறதுல பிரயோஜனம் இல்ல. ஆனா வெளிய காத்திருக்கறப்ப நோயாளி மொகம் மாறுது, மூச்சு மாறுது, பேச்சு நின்னுடுச்சுன்னா உடனே போய் மிஸ்ஸிகிட்ட (நர்ஸு) சொல்லுங்க, அதுக்கு கூச்சப்படவே கூடாது.

என்ன வேலை செய்றாருன்னு கேக்காமலே சொல்லுங்க. செம்பனை காட்டுல வேலை செய்றவருக்கு காய்ச்சலும் உடம்பு வலியும் வந்து கண்ணு மஞ்சளாச்சுன்னா எலி மூத்திரத்துல வர்ற காய்ச்சலான்னு டாக்டரு பாக்கணும், புல்லுக்கு மருந்து அடிக்கிறவரா இருந்தா அந்த மருந்து டின்னு லேபிள போட்டோ எடுத்து காட்டணும். டவுன்ல வளந்த சின்ன டாக்டருக்கு தோட்டத்து வேலை என்னன்னு தெரியணும்னு இல்ல, நாமதான் சொல்லணும். தண்ணி போடற பழக்கம், சிகரெட்டு இருந்தாலும் ஒளிக்காதீங்க. அம்மா பக்கத்துல நிக்கிறாங்கன்னு வெக்கப்பட்டு "இல்ல டாக்டர்"னு சொல்றவங்கள நான் நெறய பாத்திருக்கேன், தினம் குடிச்சவரு திடீர்னு நிறுத்துனா ரெண்டு மூணு நாள்ல வலிப்பு கூட வரலாம், டாக்டருக்கு முன்னாடியே தெரிஞ்சா அதுக்கு மருந்து குடுத்துடுவாங்க.

4. யாரு கையெழுத்து, யாரு காது

இங்கதான் குடும்பம் ஒடையும். ஆபரேஷனுக்கு கையெழுத்து கேக்குறாங்க, நோயாளிக்கு நினைவு இல்ல, பொண்டாட்டி நடுங்கிக்கிட்டு நிக்குது, அண்ணன் ஒண்ணு சொல்றாரு, மாமா ஒண்ணு சொல்றாரு, ஆளாளுக்கு டாக்டர பிடிச்சு கேக்குறாங்க. டாக்டரும் ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒவ்வொரு விதமா சொல்ல வேண்டி வரும், அப்புறம் "என்கிட்ட அப்படி சொன்னாரு உன்கிட்ட இப்படி சொன்னாரு"ன்னு சண்டை.

அதனால முதல் நாளே, வராண்டாவுலயே, ரெண்டு பேர முடிவு பண்ணுங்க. கையெழுத்து போடறது ஒருத்தர், கல்யாணம் ஆனவருன்னா பொண்டாட்டியோ புருஷனோ. கூட நின்னு கேட்டு எழுதிக்கறது இன்னொருத்தர். வார்டு ரெக்கார்டுல வாரிஸ்னு (நெருங்கின சொந்தம்) இந்த ரெண்டு பேர் போன் நம்பரத்தான் குடுக்கணும். மத்த எல்லாரும் இந்த ரெண்டாவது ஆளுகிட்ட கேட்டுக்கலாம்.

நாத்தனாரா இருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. நீங்க எவ்ளோ நல்ல மனசோட முன்னாடி போய் நின்னாலும் "நாத்தனார் நாட்டாமை பண்ணுறா"ன்னு ஒரு பேச்சு வரும். அதுக்கு பயந்து ஒதுங்கவும் கூடாது, பேச்சு வந்துடுச்சேன்னு மல்லுக்கு நிக்கவும் கூடாது. டாக்டரு பேச கூப்பிட்டா தம்பி பொண்டாட்டிய முன்னால விட்டு பின்னால நில்லுங்க, டாக்டரு போனதும் "இதான்மா சொன்னாரு, நீ என்ன நெனைக்கிற"ன்னு கேளுங்க. அது "நீங்களே சொல்லுங்க அண்ணி"ன்னு சொன்னாலும் முடிவ அது வாயாலயே வர வைங்க. நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆனா அந்த முடிவோட வாழப்போறது அதுதான்.

டாக்டரு ரவுண்டு பெரும்பாலும் காலையில. அதுக்கு முன்னாடியே கேள்விய நோட்டுல எழுதி வைங்க: என்ன நோய், இப்ப என்ன மருந்து ஓடுது, அடுத்த ரெண்டு நாள்ல என்ன ஆகும்னு எதிர்பாக்குறீங்க, எது நடந்தா மோசம்னு அர்த்தம், ஆபரேஷன் பண்ணா என்ன, பண்ணாட்டி என்ன. அஞ்சு கேள்விக்கு மேல வேணாம். மலாயோ இங்கிலீஷோ புரியலன்னா புரியலன்னு சொல்லி திரும்ப கேளுங்க, தமிழ் பேசுற டாக்டரோ மிஸ்ஸியோ வார்டுல இருந்தா கூப்பிட்டு தரச் சொல்லி கேக்கலாம், தப்பே இல்ல. நீங்க புரிஞ்சுக்கிட்டத டாக்டர்கிட்டயே திருப்பி சொல்லிப் பாருங்க, தப்பா புரிஞ்சிருந்தா அங்கயே திருத்திடுவாரு.

5. அரசாங்க ஆஸ்பத்திரியா பிரைவேட்டா

ராத்திரி ரெண்டு மணிக்கு, வெளியூருல இருக்கற பெரியப்பா மவன் போன்ல "பிரைவேட்டுக்கு தூக்கிட்டு போங்க, காசு பாத்துக்கலாம்"னு சொல்லுவாரு. காசு யாரு பாத்துக்கறதுன்னு காலையில தெரியும்.

கணக்க நேரா வைக்கிறேன். அரசாங்க ஆஸ்பத்திரில குடியுரிமை இருக்கறவங்களுக்கு மூணாம் கிளாஸ் வார்டு ஒரு நாளைக்கு 3 வெள்ளி (ரிங்கிட்), பில்லு எவ்ளோ ஏறுனாலும் 500 வெள்ளிதான் உச்சம். ஸ்டென்ட், பிளேட்டு மாதிரி உடம்புக்குள்ள வைக்கிற சாமான் மட்டும் தனி செலவா வரலாம். பிரைவேட்டுல டெபாசிட்டே பல ஆயிரம், ஐசியுல ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்குல ஓடும்.

பிரைவேட்டுக்கு போறது சுலபம், அங்க காசு தீந்து அரசாங்கத்துக்கு திரும்பறதுதான் கஷ்டம், ஏன்னா அங்க ஒரு டாக்டரு ஏத்துக்கணும், கட்டில் காலியா இருக்கணும். ஐசியு கட்டில்னா சொல்லவே வேணாம். அதனால மெடிக்கல் கார்டு இருந்தா மட்டும் யோசிங்க, அதுவும் கார்டு பின்னாடி இருக்கற நம்பருக்கு அடிச்சு இந்த ஆஸ்பத்திரி பேனலா, வருஷத்துக்கு லிமிட்டு எவ்ளோ, பில்ல அவங்களே கட்டறதா கேரண்டி லெட்டர் வருமான்னு கேட்டதுக்கு அப்புறம். புதுசா எடுத்த கார்டா இருந்தா நோய்க்கு பொதுவா முதல் 30 நாள் கவரேஜ் இருக்காது, பிரஷர் இனிப்பு நீர் மாதிரி குறிப்பிட்ட சிலதுக்கு 120 நாள்.

செவப்பு ஐசி (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசி கார்டு) வச்சிருக்கறவங்க, ஐசியே இல்லாதவங்க எங்க பக்கத்து தோட்டங்கள்ல இன்னும் இருக்காங்க. அவங்க வீட்டாளுங்க பில்லு வர்ற வரைக்கும் காத்திருக்காம, வார்டுல சேத்த அன்னைக்கே ஆஸ்பத்திரிலயே இருக்கற சோசியல் வர்க்கர் டிபார்ட்மெண்ட்டுக்கு போங்க.

6. அம்மா அப்பாகிட்ட சொல்றது

மறைக்காதீங்க. நம்ம மாதிரி சின்ன டவுன்ல ஆம்புலன்ஸ் போன அரை மணில கோப்பிக்கடைல பேச்சு வந்துடும், நீங்க சொல்லலன்னா மார்க்கெட்டுல மீன் வாங்க நிக்கறப்ப யாரோ ஒருத்தி "என்னக்கா மவனுக்கு இப்படி ஆயிடுச்சாமே"ன்னு கேப்பா. அது எவ்ளோ மோசமா இருக்கும்.

போன்ல சொல்ல வேணாம், நேருல ஒருத்தர் போகணும், அதுவும் அவங்க நம்புற ஆளு. முதல்ல அவங்க சாப்பிட்டாங்களா, பிரஷர் மாத்திரை போட்டாங்களான்னு பாத்துட்டு, உக்கார வச்சு, தெரிஞ்சத மட்டும் சொல்லுங்க. "ஒண்ணும் இல்ல, சும்மா மயக்கம்"னு சொன்னா நாளைக்கு ஐசியு வாசல்ல நிக்க வைக்கறப்ப உங்கள நம்ப மாட்டாங்க. "ஸ்ட்ரோக்மா, டாக்டருங்க பாக்குறாங்க, நாளைக்கு காலையில உங்கள கூட்டிட்டு போறேன்"னு சொன்னா போதும். கூட்டிட்டு போறேன்னு சொன்னா கூட்டிட்டு போயிடணும். ராத்திரி அவங்க கூட படுக்க ஒரு ஆள வைங்க, பேத்தியா இருந்தாலும் போதும்.

7. பாக்க வர்ற கூட்டமும் வாட்சாப்பும்

வேன் பிடிச்சு வருவாங்க. பாசம்தான். ஆனா விசிட்டிங் நேரம் மத்தியானம் கொஞ்சம் சாயங்காலம் கொஞ்சம், அதுல ரெண்டு ரெண்டு பேராத்தான் விடுவாங்க, வந்தவங்க எல்லாரும் உள்ள போயிட்டு வந்தா அம்மாவுக்கும் பிள்ளைங்களுக்கும் நேரமே இருக்காது. முதல் வாரம் வீட்டு ஆளுங்க மட்டும்னு சொல்லிடுங்க, சொல்றதுக்கு ஒரு கறாரான சித்தப்பாவ வைங்க, எல்லா குடும்பத்துலயும் ஒருத்தர் இருப்பாரு.

வந்து நின்னு "இதே மாதிரிதான் எங்க மச்சானுக்கும் வந்துச்சு, மூணே நாளு"ன்னு பேசறவங்கள பொண்டாட்டி காது கேக்குற தூரத்துக்கு விடாதீங்க. தேத்தண்ணி வாங்கித் தர்றேன்னு கேண்டீனுக்கு கூட்டிட்டு போயிடலாம்.

குரூப்புல ஒரு நாளைக்கு ஒரு மெசேஜ், சாயங்காலம், நோட்டுல எழுதுன ஆளு போடட்டும். இல்லன்னா ஒரே கேள்விக்கு நாள் பூரா பதில் சொல்லிக்கிட்டே இருக்கணும். குழாய் மாட்டுன போட்டோவ எடுக்கவே எடுக்காதீங்க, ஒரு தடவை வெளிய போச்சுன்னா அது நின்ன எடத்துல நிக்காது, பொழச்சு வந்து ஒரு நாள் அவரே பாப்பாரு.

8. வேலை விஷயம்: ராஜினாமா கடிதம் குடுக்காதீங்க

எனக்கு வர்ற போன்ல ரொம்ப லேட்டா வர்றது இதுக்குத்தான். ரெண்டாவது வாரத்துல கம்பெனில இருந்து ஒருத்தர் பூவும் பழமும் வாங்கிட்டு வந்து, ரொம்ப நல்ல விதமா பேசி, "உடம்பு தேறுனதும் திரும்ப எடுத்துக்கறோம், இப்போதைக்கு ரிசைன் பண்ணிட்டா நல்லது"ன்னு ஒரு பேப்பர நீட்டுவாரு. கையெழுத்து போடாதீங்க, வீட்டுல யாரையும் போட விடாதீங்க.

ஏன்னா வேலைச் சட்டப்படி ஆஸ்பத்திரி லீவு வருஷத்துக்கு 60 நாள் சம்பளத்தோட இருக்கு, சாதாரண எம்சி (டாக்டரு எழுதித் தர்ற உடம்பு சரியில்லாத லீவு) அதுக்கு மேல தனி, சர்வீஸ பொறுத்து 14, 18 இல்ல 22 நாள். இது மட்டும் இல்ல. சொக்சோவுல (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) இயலாமை பென்ஷன் கேக்கறதுக்கு சந்தா போதுமான மாசம் கட்டி இருக்கணும், முழு தகுதிக்கு ஒரு வழி கடைசி 40 மாசத்துல 24 மாசம் கட்டி இருக்கறது. வேலைய விட்டு மாசக்கணக்குல கழிச்சு போனா அந்த 40 மாசத்துல ஓட்டை விழும். தானா விட்டுட்டு வந்தவருக்கு வேலை இழப்புக் காசும் கெடைக்காது.

செய்ய வேண்டியது: வார்டுல இருந்து அட்மிஷன் லெட்டர் வாங்கி முதல் ரெண்டு நாளுக்குள்ள ஆபீஸுக்கு அனுப்புங்க, வாட்சாப்புல அனுப்புனாலும் சரி, அனுப்புன அத்தாட்சி இருக்கணும். வேலை செய்யற எடத்துலயோ வேலைக்கு போற வழியிலயோ நடந்ததுன்னா அது வேற கணக்கு, முதலாளி 48 மணி நேரத்துக்குள்ள சொக்சோவுக்கு சொல்லணும், சொன்னாங்களான்னு கேட்டு உறுதி பண்ணிக்குங்க.

இயலாமை பென்ஷன் உடனே போடற விஷயம் இல்ல, ட்ரீட்மெண்ட் ஓரளவு முடிஞ்சு இனிமே வேலை செய்ய முடியாதுன்னு மெடிக்கல் போர்டு சொல்லணும், ஆனா 60 வயசுக்கு முன்னாடி விண்ணப்பம் போயிருக்கணும். திரும்ப வேலைக்கு போற நெலமைல இருக்கறவங்களுக்கு சொக்சோவே பயிற்சி, பிஸியோ எல்லாம் ஏற்பாடு பண்ணித் தருவாங்க, மலாக்காவுல பெரிய மறுவாழ்வு சென்டரே இருக்கு.

உங்க லீவு கதை வேற. கூடப்பொறந்தவங்கள பாத்துக்க தனி லீவுன்னு சட்டத்துல இல்ல, வருஷ லீவுதான், புது ஆளுன்னா 8 நாள்தான். எல்லாரும் முதல் வாரத்துலயே அத கரைச்சுடறாங்க. ஐசியுல இருக்கறப்ப வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கறத தவிர நீங்க செய்யறதுக்கு பெருசா ஒண்ணும் இல்ல, ஆளு வேணுங்கறது வீட்டுக்கு வந்த முதல் பத்து நாள்லதான். பாதிய அதுக்கு வைங்க.

9. காசு

தனியா ஒரு நோட்டு, மொய் நோட்டு மாதிரி. யாரு எவ்ளோ குடுத்தாங்க, கடனா சும்மாவா, எதுக்கு செலவாச்சு. கோயில் கமிட்டி, பழைய ஸ்கூல் கூட்டாளிங்க, பக்கத்து வீடு, எல்லாரும் கையில திணிச்சுட்டு போவாங்க, ஆறு மாசம் கழிச்சு "நாங்க குடுத்த காசு என்ன ஆச்சு"ன்னு ஒருத்தராவது கேப்பாங்க. நோட்டு பொண்டாட்டிகிட்ட இருக்கட்டும், எழுதறது நீங்க.

பேங்க் நம்பர போட்டு ஃபேஸ்புக்குல உதவி கேக்கறதுக்கு முன்னாடி உண்மையில எவ்ளோ வேணும்னு பாருங்க. அரசாங்க ஆஸ்பத்திரில பில்லு 500க்குள்ள இருக்கறப்ப ஐம்பதாயிரம் கேட்டு மெசேஜ் சுத்துனா குடும்பத்துக்குத்தான் கெட்ட பேரு. செலவு உண்மையில வர்றது பெட்ரோல், டோல், வெளிய சாப்பாடு, அப்புறம் பாம்பர்ஸ், பால் மாவு, பிஸியோவுக்கு போக வர வண்டி.

உங்க ஈபிஎஃப்ல (ஊழியர் சேமநிதி) இருந்து கூடப்பொறந்தவங்க நோய்க்கும் எடுக்கலாம், இது நெறய பேருக்கு தெரியல. குறிப்பிட்ட நோய் லிஸ்ட்டுல இருக்கணும், டாக்டரு ஃபாரம், பில்லு வேணும். 40 வயசுக்கு மேல எஸ்டிஆர்னு அரசாங்கம் தர்ற ரொக்க உதவி வாங்கறவருன்னா, குறைஞ்ச வருமானக்காரங்களுக்கான பெக்கா பி40 மருத்துவத் திட்டத்துல மருத்துவச் சாமானுக்கு 20,000 வெள்ளி வரைக்கும் இருக்கு, போக்குவரத்துக்கும் கொஞ்சம் தர்றாங்க, ஆஸ்பத்திரி மூலமாத்தான் விண்ணப்பிக்கணும். வீட்டுக் கடன், கார் கடன்ல இன்சூரன்ஸ் சேத்து எடுத்திருந்தா நிரந்தர ஊனத்துக்கு கவர் இருக்கான்னு பேப்பர தேடிப் பாருங்க. தவணை கட்ட முடியாத நெலமைன்னா பேங்குகிட்ட முதல்லயே பேசுங்க, ஏகேபிகேன்னு இருக்கற அரசாங்க ஏஜென்சில காசு வாங்காம கடன மாத்தி அமைக்க உதவுவாங்க. ஆலோங் (லைசென்ஸ் இல்லாத வட்டிக்காரன்) பக்கம் தலை வச்சு படுக்காதீங்க.

அவரோட ஏடிஎம் கார்டு உங்க கையில இருந்தாலும் பொண்டாட்டிய கேக்காம ஒரு வெள்ளி எடுக்காதீங்க, நல்லதுக்கே எடுத்தாலும்.

10. முறை போட்டு ஓடுங்க

ராத்திரிக்கு ஒருத்தர், பகலுக்கு ஒருத்தர், வீட்டுல பிள்ளைங்கள பாக்க ஒருத்தர். மூணு பேருதான் இருக்கீங்கன்னா ராத்திரி ஆள தினம் மாத்துங்க. ஐசியுல எப்படியும் உள்ள படுக்க விட மாட்டாங்க, போன் எடுக்கற தூரத்துல இருந்தா போதும், அதனால வீட்டுக்கு வந்து தூங்குங்க. தூக்கம் இல்லாம செம்பனை லோரிங்க ஓடற ரோட்டுல விடியக்காலையில கார் ஓட்டி இன்னொரு ஆளு வார்டுல படுத்தா யாரு ஓடறது.

பைல இருக்க வேண்டியது: ஜேக்கெட்டு, ஆஸ்பத்திரி ஏர்கோன் எலும்ப நடுக்கும். போன் சார்ஜர், கைலி, பல்லு பிரஷ், ஐசி காப்பி பத்து, பேனா, பேப்பர் எல்லாத்தையும் போட ஒரு பிளாஸ்டிக் ஃபைல். பெரிய ஆஸ்பத்திரி எங்கயும் பார்க்கிங் கெடைக்காது, ஒருத்தர் எறக்கி விட்டுட்டு போறதுதான் நல்லது.

தூங்க முடியல, சும்மா சும்மா கண்ணு கலங்குது, அவனுக்கு வந்தது எனக்கு வந்திருக்கக்கூடாதான்னு தோணுதுன்னா அது உங்களுக்கு மட்டும் வர்றது இல்ல. கூடப்பொறந்தவங்கள யாரும் "நீ எப்படி இருக்க"ன்னு கேக்க மாட்டாங்க, எல்லாரும் பொண்டாட்டியையும் அம்மாவையும்தான் கேப்பாங்க, அது நியாயம்தான். மனசு கஷ்டத்துக்குன்னே இருக்கற 15555 ஹீல் லைனுக்கு அடிச்சு பேசலாம்.

11. வீட்டுக்கு அனுப்பறோம்னு சொன்னதும்

சந்தோஷத்துல உடனே பையத் தூக்காதீங்க. டிஸ்சார்ஜுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே மிஸ்ஸிகிட்ட சொல்லி, அவங்க கண்ணு முன்னாடி நீங்களே செஞ்சு பழகணும். மூக்குக் குழாய்ல பால் ஊத்தறதுன்னா தலைய உசத்தி வைக்கணும், குழாய் வயித்துலதான் இருக்கான்னு ஒவ்வொரு தடவையும் பாத்துட்டுத்தான் ஊத்தணும், ஊத்துன பிறகும் குறைஞ்சது அரை மணி நேரம் படுக்கப் போடக்கூடாது. அசைய முடியாதவர ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போடணும், இல்லன்னா இடுப்புக்கு கீழ புண்ணு வந்துடும், வந்த புண்ண ஆத்தறது ஸ்ட்ரோக்க விட பெரிய வேலை. மிஸ்ஸி செய்யறத பாக்கறதும் நாம செய்யறதும் வேற, ரெண்டு பேராச்சும் பழகுங்க.

வீட்ட முன்னாடியே மாத்துங்க. குந்தி உக்கார்ற கக்கூசுன்னா நாற்காலி மாதிரி இருக்கற கமோட் வேணும், பாத்ரூம் வாசப்படி உயரம் பாருங்க, தரையில ஈரம் நிக்காம பாருங்க. லயத்து வீடுங்கள்ல கட்டில் போடற ரூமுக்கும் பாத்ரூமுக்கும் நடுவுல ஒரு திறந்த எடம் இருக்கும், மழையில வழுக்கும். கட்டில ஹாலுக்கு கொண்டு வந்துடுங்க, எல்லாருகிட்ட இருந்தும் ஒதுக்கி வச்ச மாதிரியும் இருக்காது. வீல்சேர், காத்து மெத்தை எல்லாம் வாங்கறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரி சோசியல் வர்க்கர்கிட்ட இரவல் கேளுங்க.

கிளினிக் கெசிஹாத்தான்ல (அரசாங்க கிளினிக்) வீட்டுக்கே வந்து பாக்குற சேவை இருக்கு, டிஸ்சார்ஜ் பண்றப்பவே டாக்டர்கிட்ட லெட்டர் கேளுங்க, அப்புறம் போய் கேட்டா லேட்டாகும்.

பிஸியோவ மட்டும் தள்ளிப்போடாதீங்க. ஸ்ட்ரோக்குல கை கால் திரும்பறது பெரும்பாலும் முதல் மூணு மாசத்துலதான் வேகமா நடக்கும். "எண்ணெய் தேய்ச்சு விடறோம், கொஞ்சம் தேறட்டும், அப்புறம் பிஸியோவுக்கு போலாம்"னு அந்த மூணு மாசத்தையும் வீட்டுலயே விட்டவங்க எங்க பக்கத்துல நெறய. எண்ணெயும் தேய்ங்க, பிஸியோவுக்கும் போங்க. குடுத்த பயிற்சிய வீட்டுல தினம் செய்யறதுதான் உண்மையான பிஸியோ, கூட்டிட்டு போற நாள் அத சரி பாக்கற நாளு. இதுக்கு பொண்டாட்டி சொன்னா கேக்க மாட்டாரு, அக்காவோ அண்ணனோ வந்து அதட்டுனா கேப்பாரு, அந்த வேலை நம்மளோடது.

12. ஒரு மூணு மாசம் கழிச்சு

கெபாஜிகான் ஆபீஸ்ல (சமூக நல இலாகா) ஓகேயு கார்டு (ஊனமுற்றவங்க கார்டு), படுத்த படுக்கையா இருக்கறவங்கள பாத்துக்கறவங்களுக்கு மாச உதவி, ரெண்டையும் கேளுங்க. ஸ்ட்ரோக்குன்னா கொஞ்ச மாசம் பொறுத்துதான் டாக்டரு ஓகேயு ஃபாரத்துல கையெழுத்து போடுவாரு, அதுக்குன்னு மறந்துடாதீங்க, அடுத்த அப்பாயிண்ட்மெண்ட் கார்டுலயே பென்சில்ல எழுதி வைங்க. எங்க போறதுன்னு தெரியலன்னா 15999 அரசாங்க உதவி லைனுக்கு அடிச்சு கேக்கலாம்.

கடைசியா நீங்க. கூடப்பொறந்தவருக்கு சின்ன வயசுலயே ஸ்ட்ரோக்கோ ஹார்ட்டோ வந்திருந்தா உங்களுக்கும் வாய்ப்பு கூடுதல். கிளினிக் கெசிஹாத்தான்ல ஒரு வெள்ளிதான், பிரஷர், இனிப்பு நீர், கொழுப்பு மூணையும் பாக்கச் சொல்லுங்க, கார்டு போடறப்பவே தம்பிக்கு இந்த மாதிரி வந்துச்சுன்னு சொல்லுங்க, அப்பத்தான் மேல பாப்பாங்க. ராத்திரி சாப்பிட்டதோட நிறுத்தி வெறும் வயித்துல போங்க, தண்ணி குடிக்கலாம், பசியாற பையில கட்டி எடுத்துக்கிட்டு போங்க, ரத்தம் எடுத்த உடனே சாப்பிட்டுடலாம். தனியா போகாதீங்க, மிச்சம் இருக்கற அண்ணன் தங்கச்சியையும் அன்னைக்கே இழுத்துட்டு போங்க, அப்புறம் போறேன்னு சொல்றவங்க போறதில்ல.